பஜ்ஜி சுட்ட எண்ணெயில் பஸ் ஓடும்!
கறுத்த எண்ணெய் வயிற்றுக்கா? வண்டிக்கா?

சென்னை, நமது நிருபர்

சாயங்காலம் 5 மணி. ஆபீஸ் விட்ட கூட்டம் பஜ்ஜிக் கடையை மொய்க்கிறது. சட்டிக்குள் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். எண்ணெய் தார் மாதிரி இருக்கிறதா? உஷார்! பெரிய ஓட்டலில் பூரி சுட்டுக் கழித்த எண்ணெய், மலிவு விலையில் கைமாறி வந்ததாக இருக்கலாம்!

சுடச்சுட விஷம்

ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் கெட்ட பொருள்கள் சேரும். அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் பலகாரம் போடக்கூடாது. 2018 ஜூலையில் அமலுக்கு வந்த சட்டம் இது. மீறினால் ரத்த அழுத்தம், ரத்தக்குழாய் அடைப்பு, கல்லீரல் கோளாறு வரலாம்.

சரி, மிச்ச எண்ணெயை என்ன செய்வது? சாக்கடையில் கொட்டினால் குழாய் அடைக்கும்.

வண்டிக்கு ஊற்றலாம்!

"என்னய்யா, கதை விடுறே?" என்கிறீர்களா? 1900-ல் பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் என்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது!

ஆனால் சட்டி எண்ணெயை அப்படியே டாங்கில் ஊற்றிவிடாதீர்கள். என்ஜின் கெட்டுவிடும். ஆலையில் வடிகட்டி, மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் சூடாக்குகிறார்கள். கிளிசரின் அடியில் இறங்கும். மேலே நிற்பதுதான் பயோ டீசல். டீசலில் கலந்து லாரி, பஸ் ஓட்டலாம்.

கரும்பிலும் மக்காச்சோளத்திலும் எடுக்கும் எத்தனாலுக்கு வயல் வேண்டும், தண்ணீர் வேண்டும். இதற்கு ரெண்டும் தேவையில்லை.

110 கோடி லிட்டர்!

ஓட்டல், கேன்டீன்களில் வருஷத்துக்கு 140 கோடி லிட்டர் பழைய எண்ணெய் திரட்டலாம், 110 கோடி லிட்டர் பயோ டீசல் எடுக்கலாம் என்று 2019-ல் மத்திய அரசு கணக்குப் போட்டது. 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் கலக்க வேண்டும் என்பது இலக்கு. 2024 வரை 1 சதவீதம்கூட எட்டவில்லை!

ஓட்டை எங்கே?

தினம் 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் ஊற்றிப் பொரிக்கும் கடைகள், மிச்சத்தை யாருக்குக் கொடுத்தோம் என்று கணக்கு வைக்க வேண்டும். அங்கீகாரம் பெற்றவருக்குத்தான் கொடுக்க வேண்டும். 2019 மார்ச்சில் அமலுக்கு வந்த உத்தரவு இது. ஆனால் தள்ளுவண்டிக்கும் சின்னக் கடைக்கும் அந்தக் கணக்கு கிடையாது. ஆலைக்காரர் தருவதைவிடப் பக்கத்துக் கடைக்காரர் ரெண்டு ரூபாய் கூடக் கொடுத்தால், எண்ணெய் எந்தப் பக்கம் ஓடும்? சொல்ல வேண்டுமா!

தெருத்தெருவாய் வந்து, நல்ல விலை கொடுத்து, சின்னக் கடை எண்ணெயையும் வாங்க ஆள் வேண்டும். அதுவரை பஜ்ஜியைக் கையில் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள்: "அண்ணே, எண்ணெய் எப்ப மாத்துனீங்க?"