மயிலுக்கு அல்ல, காகிதத்துக்கு
வேட்டைக்குச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆனால் ரிவால்வர் வாங்குபவர் முன் வேட்டைக்காரர்களின் பழைய கேள்வி இன்னும் நிற்கிறது: சைட் அசையாமல் இருக்க வேண்டுமா, அசைய வேண்டுமா?

யமுனையின் கிழக்குக் கரையில் உள்ள மயூர் விஹாருக்கு மயிலின் பெயர். உத்தர குருவாயூரப்பன் கோயிலில் காலை தரிசனம், வீடு திரும்பியதும் பில்டர் காபி என்று வாழ்கிற தென்னிந்தியக் குடும்பங்கள் நிறைந்த தில்லிப் பகுதி. இங்கே வசிக்கும் ஓய்வுபெற்ற அரசு அதிகாரி ஒருவருக்குக் கைத்துப்பாக்கி உரிமம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நாளே ஆலோசனைகள் குவியும். அமெரிக்காவில் இருக்கும் மருமகன் சொல்வார்: "பின் சைட்டைத் திருகி நகர்த்த முடியுமா என்று பார்த்து வாங்குங்கள்." பக்கத்து வீட்டு முன்னாள் ராணுவத்தார் மறுப்பார்: "திருகு இருந்தால் ஒருநாள் கழலும். அசையாததே நல்லது."

இருவர் சொல்வதும் சரி. சிக்கலே அதுதான்.

ரிவால்வரின் குழல் முனையில் ஒரு சிறு தகடு நிற்கும். அது முன் சைட். பின்னால் ஒரு பள்ளம். அது பின் சைட். பள்ளத்தின் நடுவே தகட்டை நிறுத்தி, இலக்கோடு சேர்த்துப் பார்ப்பதுதான் குறி. நிலையான சைட்டில் பின் பள்ளம் துப்பாக்கியின் மேல்பகுதியிலேயே வெட்டப்பட்டிருக்கும். கீழே விழுந்தாலும், உறையில் உரசினாலும் இடம் மாறாது. 1873-ல் வந்த கோல்ட் ரிவால்வர் முதல் பிரிட்டிஷ் ராணுவத்தின் வெப்லி வரை எல்லாம் இந்த ரகமே.

இதில் ஒரு குறை உண்டு. எடை கூடிய குண்டு மெதுவாகப் போகும்; அது குழலை விட்டு வெளியேறுவதற்குள் துப்பாக்கியின் உதைப்பு முனையைச் சற்று மேலே தூக்கிவிடும். அதனால் இலக்கில் அது மேலே படும். எடை குறைந்த, வேகமான குண்டு கீழே படும். நிலையான சைட் ஏதாவது ஒரு வகைத் தோட்டாவுக்குத்தான் பொருந்தும். தோட்டாவை மாற்றினால், ஒன்று குறி வைக்கும் இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அல்லது முன் தகட்டை அரத்தால் ராவ வேண்டும். ராவினால் குண்டு மேலே போகும். அதிகமாக ராவிவிட்டால் மீட்க வழியில்லை.

திருகு வைத்த சைட்டில் இந்தத் தொல்லை இல்லை. குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட்டை நகர்த்தினால் போதும். ரிவால்வரால் மான் வேட்டையாடும் வழக்கம் உள்ள அமெரிக்காவில், 1950-களில் .44 மேக்னம் தோட்டா வந்த பிறகு இந்த ரகத்துக்கு மவுசு கூடியது. அங்கே இது வசதி பற்றிய விவாதம் மட்டுமல்ல. குறி தப்பினால் மான் உடனே சாகாது. காயத்தோடு காட்டுக்குள் ஓடி, மெல்லச் சாகும்.

இந்தியாவில் அந்த விவாதத்துக்கே இடமில்லை. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை மூடிவிட்டது. 1963 முதல் தேசியப் பறவையாக இருக்கும் மயில், சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைச் சுட்டால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. பயிரை அழிக்கும் விலங்குகளைச் சுட அரசு எப்போதாவது அனுமதி தரும். பிகாரின் மொகாமாவில் 2016 ஜூனில் 200-க்கும் மேற்பட்ட நீல்காய்கள் அப்படிச் சுடப்பட்டபோது மத்திய அமைச்சர்களே பகிரங்கமாக மோதிக்கொண்டார்கள்.

அப்படியானால் நம் அதிகாரி எதைச் சுடப்போகிறார்? வீட்டுப் பாதுகாப்புக்கு என்றால், கடையில் இருப்பது பெரும்பாலும் கான்பூரில் தயாராகும் .32 ரிவால்வர். 2012 தில்லிக் கொடுமைக்குப் பிறகு, 2014-ல் பெண்களுக்கென்று அறிமுகமான 'நிர்பீக்' அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது: எடை சுமார் 500 கிராம், சைட் நிலையானது. 2023-ல் வந்த 'பிரபல்' 50 மீட்டர் வரை சுடும் என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் அதன் குழல் நீளம் 76 மில்லிமீட்டர்தான். அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் எந்தத் தூரமும் ஐந்தாறு மீட்டரைத் தாண்டாது. அங்கே திருகுக்கு வேலையில்லை. இருட்டில், பதற்றத்தில், பள்ளமும் தகடும் கண்ணில் படுமா என்பதே சந்தேகம். பக்கத்து வீட்டு ராணுவத்தார் ஜெயிப்பது இங்கேதான்.

மருமகன் ஜெயிக்கும் இடம் யமுனைக்கு மறுகரையில், துக்ளகாபாதில் இருக்கிறது. 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டப்பட்டு, ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்ற பிகானேர் மகாராஜா கர்ணி சிங்கின் பெயரைத் தாங்கும் துப்பாக்கி சுடும் மைதானம். 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டியில் .32 ரிவால்வருக்கும் அனுமதி உண்டு. லென்ஸ் பொருத்திய சைட் கூடாது. வெறும் தகடும் பள்ளமும்தான். நிதானச் சுற்றில் பத்து புள்ளி வட்டத்தின் குறுக்களவு 50 மில்லிமீட்டர்.

ஒரு சின்னக் கணக்கு. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 15 சென்டிமீட்டர் என்றால், பின் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் 25 மீட்டரில் குண்டு சுமார் 167 மில்லிமீட்டர் விலகும். பத்து புள்ளி நாலு புள்ளியாகிவிடும். கூடத்தில், ஐந்து மீட்டரில், அதே பிழை 33 மில்லிமீட்டர்தான். தூரம்தான் திருகின் விலையைத் தீர்மானிக்கிறது.

1994-ல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் சென்டர் ஃபயர் தங்கம் வென்ற ஜஸ்பால் ராணா, 2006-ல் தோஹாவில் 600-க்கு 590 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார். அந்த 590-ல் சைட்டின் பங்கு கொஞ்சம். மிச்சமெல்லாம் பயிற்சி. திருகு செய்வது ஒன்றுதான்: கை ஒரே இடத்தில் சுடுகிறபோது, அந்த இடத்தை நடுவுக்குக் கொண்டுவரும். கை தினமும் வேறு வேறு இடத்தில் சுட்டால், எந்தத் திருகும் உதவாது. புதிதாகக் கற்பவர்கள் செய்யும் தவறே இதுதான். விசையை இழுக்கும் விரலின் பிழையைத் திருகைத் திருப்பிச் சரிசெய்யப் பார்க்கிறார்கள்.

வயதும் ஒரு விஷயம். நாற்பதைத் தாண்டினால் பள்ளம், தகடு, இலக்கு மூன்றில் ஒன்றுதான் தெளிவாகத் தெரியும். அது முன் தகடாக இருக்க வேண்டும் என்பது பயிற்சியின் முதல் பாடம். பழைய பாணி ரிவால்வரின் மெல்லிய பள்ளம் மூக்குக்கண்ணாடிக்காரர்களுக்கு மங்கலாகிவிடும். அகலமான சதுரப் பள்ளமும் தடித்த தகடும் அவர்களுக்குத் திருகைவிட அதிகம் உதவும்.

ஆகவே நம் அதிகாரி கடைக்குப் போகுமுன் கேட்டுக்கொள்ள வேண்டியது "எந்த சைட்?" என்பதல்ல, "எவ்வளவு தூரம்?" என்பதே. வீட்டுக்கு என்றால் அசையாத சைட், பூட்டிய பெட்டி, 2016 விதிகள் கேட்கிற பாதுகாப்புப் பயிற்சி. மைதானத்துக்கு என்றால் திருகு வைத்த சைட், கூடவே பல மாதப் பொறுமை.

துக்ளகாபாத் மைதானத்தை ஒட்டியே அசோலா பாட்டி வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. இந்தப் பக்கம் வீரர்கள் மில்லிமீட்டர் கணக்கில் காகிதத்தைத் துளைக்கிறார்கள். அந்தப் பக்கம் நீல்காய்களும் மயில்களும் மேய்கின்றன. எந்த சைட்டும் அவற்றின் பக்கம் திரும்ப வேண்டியதில்லை.