பத்து ரூபாய் நாணயம் செல்லுமா?

கமலா பூ விற்பவர். ஒரு நாள் கீரை வாங்கப் போனார். பத்து ரூபாய் நாணயத்தைக் கொடுத்தார்.

“இதில் ரூபாய்க் குறி இல்லை. இது செல்லாதும்மா” என்றார் கடைக்காரர்.

கமலா வெறும் பையோடு திரும்பினார். பூ விற்ற காசு வீணா?

வீண் இல்லை. ரூபாய்க் குறி 2010-இல்தான் வந்தது. அதற்கு முன் வெளிவந்த நாணயத்தில் அது எப்படி இருக்கும்? நாணயம் பல ஆண்டுகள் புழங்கும். அதனால் பழையதும் புதியதும் கலந்தே இருக்கும்.

2018-இல் ரிசர்வ் வங்கி இதை விளக்கியது. அதுவரை வந்த 14 வகைப் பத்து ரூபாய் நாணயங்களும் செல்லும் என்றது. வங்கிகளும் நாணயங்களை வாங்க வேண்டும்.

மறுநாள் கமலா வங்கிக்குப் போனார். கடைகளில் மறுத்த நாணயங்களைத் தம் கணக்கில் போட்டார். பூ வாங்குபவர் அதே நாணயம் கொடுத்தால், அவர் மறுப்பதில்லை.