ஈரிதழ் வால்வுக் குறுக்கம்

ஈரிதழ் வால்வுக் குறுக்கம் என்பது இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வு சுருங்கி இரத்த ஓட்டம் தடைபடும் நோயாகும். இயல்பாக 4 முதல் 6 சதுர செ.மீ. இருக்கும் திறப்பு 1.5 சதுர செ.மீ. அல்லது அதற்கும் கீழே குறைந்தால் நோய் கடுமையானதாகக் கருதப்படுகிறது.

பெரும்பாலும் சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ரூமாட்டிக் காய்ச்சலே இதற்குக் காரணம். அக்காய்ச்சலின் மூட்டுவலி சில வாரங்களில் மறைந்துவிடும். வால்வில் விழுந்த தழும்பு மறையாது. பல ஆண்டுகள் வெளித்தெரியாமலிருந்து, கர்ப்பகாலத்தில் இரத்த அளவு கூடும்போது மூச்சுத்திணறலாக முதன்முதலில் வெளிப்படுவதும் உண்டு.

விரிந்த மேலறை தாறுமாறாகத் துடிக்கும்போது அங்கே தேங்கும் இரத்தம் உறைகிறது. அக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும்.

காய்ச்சல் மீண்டும் வராதிருக்க 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி பல ஆண்டுகள் போடப்படுகிறது. வலிக்கு அஞ்சி இதை இடையில் நிறுத்துவது ஆபத்தானது. ஒட்டிய இதழ்களை, தொடைச் சிரை வழியே செலுத்தும் பலூனால் பிரிக்கலாம்.