மகனுக்கு லைசென்சு! தந்தைக்கு இரட்டைச் செலவு!

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணம். அங்கே 16 வயதிலேயே கார் ஓட்ட லைசென்சு வாங்கலாம்.

பிள்ளைக்கு லைசென்சு கிடைத்துவிட்டால் வீட்டில் ஒரே கொண்டாட்டம். "அப்பா! சாவியைக் கொடுங்கள்" என்று மகன் கை நீட்டுவான். தாயார் முகத்தில் பெருமை பொங்கும்.

மகனின் பெயரையும் சேர்க்கும்படி தந்தை இன்சூரன்சு கம்பெனிக்குத் தெரிவிப்பார். பதில் வரும். அதைப் படித்ததும் அவர் திடுக்கிடுவார்.

கட்ட வேண்டிய பணம் ஒரேயடியாக ஏறி இருக்கும். சில வீடுகளில் அது இரு மடங்கு ஆவதும் உண்டு. உதாரணமாக, ஆண்டுக்கு 2,000 டாலர் கட்டியவர் 4,000 டாலர் கட்ட நேரும்.

கார் அதே கார். வீடு அதே வீடு. புதிதாகச் சேர்ந்தது ஒரு பெயர்தான்! அதற்கு இவ்வளவு பணமா?

என்ன காரணம்?

இன்சூரன்சு என்பது பலர் சேர்ந்து பணம் போடும் உண்டியல் போன்றது. கார் வைத்திருக்கும் எல்லாரும் அதில் பணம் போடுகிறார்கள். விபத்தில் சிக்கியவருக்கு அதில் இருந்து பணம் எடுத்துக் கொடுக்கப்படுகிறது. யாரால் அதிகம் செலவு வரும் என்று கம்பெனி நினைக்கிறதோ, அவர் அதிகம் போட வேண்டும்.

இளம் வயதினரால்தான் அதிகச் செலவு வருகிறது. ஒரே அளவு தூரம் ஓட்டினால், 16 முதல் 19 வயது வரை உள்ளவர்கள், 20 வயதைத் தாண்டியவர்களைப் போல ஏறக்குறைய 3 மடங்கு உயிர்ச்சேத விபத்துகளில் சிக்குகிறார்கள். இது அமெரிக்கா முழுவதற்கும் உள்ள கணக்கு.

இளைஞனுக்குக் கண் கூர்மைதான். கை வேகம்தான். ஆனால் அனுபவம் இல்லை. எதிரே வரும் ஆபத்தை முன்கூட்டியே அறியும் பழக்கம் அவனுக்கு இன்னும் வரவில்லை. இரவு நேரம் ஆனால் ஆபத்து கூடுகிறது. காருக்குள் நண்பர்கள் ஏறிக்கொண்டால் இன்னும் கூடுகிறது.

சட்டம் போட்ட கடிவாளம்

இதனால் சட்டமும் அவனை உடனே அவிழ்த்து விடுவது இல்லை. 18 வயது ஆகாதவர்கள், லைசென்சு வாங்கும் முன்பு பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 50 மணி நேரம் ஓட்டிப் பழக வேண்டும். அதில் 10 மணி நேரம் இரவில் ஓட்ட வேண்டும்.

லைசென்சு கிடைத்த பிறகும் முதல் 12 மாதங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை தனியாக ஓட்டக்கூடாது. 20 வயது ஆகாதவர்களைத் தன் பொறுப்பில் ஏற்றிச் செல்லவும் கூடாது. சில அவசரத் தேவைகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு.

பெயரை மறைத்தால்?

இங்கேதான் சில தந்தைமார்களுக்கு ஆசை வருகிறது. "வாரத்தில் ஒரு நாள்தானே பையன் ஓட்டுகிறான்? கம்பெனிக்கு எப்படித் தெரியும்?" என்று எண்ணுகிறார்கள். பெயரைக் கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

விபத்து நடக்காதவரை தெரியாதுதான். நடந்துவிட்டால்?

கம்பெனி விசாரிக்கும். காரை ஓட்டியது யார் என்று கேட்கும். வீட்டில் லைசென்சு வைத்திருந்த பிள்ளையை மறைத்தது வெளிப்படும். "உண்மையைச் சொல்லவில்லை. எனவே பணம் தர முடியாது" என்று கம்பெனி கையை விரிக்கலாம். இன்சூரன்சையே ரத்து செய்யவும் கூடும்.

அதோடு போகாது. 18 வயது ஆகாத பிள்ளை லைசென்சுக்கு மனுப் போடும்போது பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து வெறும் சடங்கு அல்ல. பிள்ளை கார் ஓட்டிச் செய்யும் சேதத்துக்கு, சட்டம் வகுத்த அளவு வரை, கையெழுத்துப் போட்டவரும் பொறுப்பு ஆகிறார்!

அமெரிக்காவில் ஆஸ்பத்திரிச் செலவு மிக அதிகம். அதனால் கலிபோர்னியாவில் கட்டாய இன்சூரன்சின் அளவே உயர்த்தப்பட்டது. ஒருவர் காயம் அடைந்தாலோ இறந்தாலோ கொடுக்க வேண்டிய குறைந்த அளவு 2024 வரை 15,000 டாலர். 2025 ஜனவரி 1 முதல் அது 30,000 டாலர். பலத்த காயத்துக்கு இந்தப் பணமும் போதாது. இன்சூரன்சே இல்லை என்றால், குடும்பத்தின் சேமிப்பு எல்லாம் கரைந்துவிடும். சில ஆயிரம் டாலரை மிச்சம் பிடிக்கப் போய், வீடு வாசலுக்கே ஆபத்து வந்து சேரும்!

குறைக்க வழி உண்டு

நேர் வழியிலேயே செலவைக் குறைக்கலாம்.

பள்ளியில் நல்ல மார்க்கு வாங்கும் பிள்ளைக்குப் பல கம்பெனிகள் சலுகை தருகின்றன. மகன் புத்தகம் எடுத்துப் படித்தால் தந்தைக்குப் பணம் மிச்சம்! முறையாக ஓட்டப் பயிற்சி பெற்றவருக்கும் சலுகை கிடைப்பது உண்டு.

பிள்ளைக்குத் தனியாக இன்சூரன்சு எடுப்பதைவிட, குடும்ப இன்சூரன்சில் சேர்ப்பதுதான் பெரும்பாலும் மலிவு. அவன் ஓட்டுவது வேகம் குறைந்த, சாதாரணக் காராக இருந்தால் இன்னும் நல்லது. ஒரே கம்பெனியை நம்பாமல் நாலு கம்பெனிகளில் விலை கேட்பதும் புத்திசாலித்தனம். ஒரே ஆளுக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விலை சொல்லும்.

3 ஆண்டுப் பொறுமை

1988-ம் ஆண்டு கலிபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். கார் இன்சூரன்சுக் கட்டணத்தை முக்கியமாக மூன்றை வைத்தே கணக்கிட வேண்டும் என்றது அந்தச் சட்டம். ஒன்று, ஓட்டுபவர் விபத்தும் குற்றமும் இல்லாமல் ஓட்டுகிறாரா என்பது. இரண்டு, ஆண்டுக்கு எத்தனை மைல் ஓட்டுகிறார் என்பது. மூன்று, எத்தனை ஆண்டு அனுபவம் என்பது. ஆண், பெண் என்று பார்த்துக் கட்டணம் போடுவதும் 2019 முதல் அங்கே கூடாது.

அதே சட்டம் இளைஞனுக்கு ஒரு பரிசும் வைத்திருக்கிறது. லைசென்சு வாங்கி 3 ஆண்டுகள் நல்லபடியாக ஓட்டியவருக்கு 20 சதவீதம் சலுகை தர வேண்டும்!

16 வயதில் தொடங்கிய பையன் ஒழுங்காக ஓட்டினால், 19 வயதில் அந்தச் சலுகைக்கு உரியவன் ஆகிறான். வேகமாக ஓட்டி மாட்டிக்கொண்டால், சலுகை தள்ளிப் போகும். கட்டணமும் ஏறும்.

ஆகவே, கம்பெனியில் இருந்து கணக்கு வந்த அன்று, அதைத் தந்தை மட்டும் பார்த்துப் பெருமூச்சு விட்டால் போதாது. மகனையும் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்ட வேண்டும். "உன் வயதுப் பிள்ளைகள் இத்தனை பேர் அடிபட்டதால்தான் இந்தத் தொகை" என்று எடுத்துச் சொல்ல வேண்டும்.

பணத்தைக் கட்டுவது தந்தையின் கையில் இருக்கிறது. அதைக் குறைப்பது மகனின் கையில் இருக்கிறது. அந்தக் கைதானே ஸ்டியரிங்கைப் பிடிக்கிறது!