நீருக்கு எத்தனை நொடி?

ஒகேனக்கல்லில் உச்சி வெயில். பாறைகளுக்கு நடுவே காவிரி இறங்கும் வேகத்தைப் படத்தில் கொண்டுவர நினைப்பவருக்கு அந்த வெளிச்சமே தடை. ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப்/11 என்று வைத்தால் ஷட்டர் நேரம் 1/250 நொடிக்கு வந்து நிற்கும். அருவி கண்ணாடிச் சில்லுகளாக உறைந்துபோகும். அப்பர்ச்சரை எஃப்/22 வரை சுருக்கினாலும் கிடைப்பது 1/60 நொடிதான். கூடவே விளிம்பு விளைவால் பாறையின் கூர்மையும் மங்கும்.

என்டி ஃபில்டரின் வேலை இங்கேதான். லென்ஸின் முன்னால் மாட்டும் இந்தச் சாம்பல் கண்ணாடி, எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைத்து உள்ளே விடும். ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி. நேரம் இரு மடங்கு. ஃபில்டரில் எழுதியிருக்கும் எண்ணால் ஷட்டர் நேரத்தைப் பெருக்கினால் போதும். என்டி8 மூன்று ஸ்டாப். 1/250 நொடி 1/30 ஆகும். ஆறு ஸ்டாப் குறைக்கும் என்டி64 போட்டால் கால் நொடி. பத்து ஸ்டாப் என்டி1000 என்றால் 4 நொடி.

பலரும் நேரே என்டி1000-க்குப் போகிறார்கள். அருவிக்கு அது வேண்டாம் என்பேன். 4 நொடியில் நீர் மொத்தமும் ஒரே வெள்ளை. எது பாறையில் மோதித் தெறித்தது, எது நேரே விழுந்தது என்று தெரியாது. கால் நொடிக்கும் ஒரு நொடிக்கும் இடையில்தான் இழைகள் பிரிந்து, காவிரியின் கனம் படத்தில் இறங்கும். வெள்ளம் பெருகும் நாளில் கால் நொடியே அதிகம். கோடையில் மெலிந்து ஒழுகும் நீருக்கு ஒரு நொடி கொடுக்கலாம். முதலில் நீரின் வேகத்தைப் பார்க்க வேண்டும், கணக்கு பிறகு.

பத்து ஸ்டாப்புக்கு உரியவை கடலும் நகரும் மேகமும். அந்தியில் 1/15 நொடி கேட்கும் காட்சி அதில் ஒரு நிமிடத்தைத் தாண்டும். பல கேமராக்கள் 30 நொடியோடு நின்றுவிடுவதால் பல்ப் மோடும் கேபிள் ரிலீஸும் தேவை. கண்ணாடி மிகக் கறுப்பு, மாட்டிய பின் ஃபோகஸ் செய்வது கடினம். ஃபோகஸை முடித்து மேனுவலுக்கு மாற்றிய பிறகே ஃபில்டரை மாட்டுங்கள். டிஎஸ்எல்ஆர் என்றால் வியூஃபைண்டரையும் மூடிவிடுங்கள், அதன் வழியே வெளிச்சம் கசியும். மலிவான ஃபில்டர்கள் சில அகச்சிவப்பைத் தடுப்பதில்லை, படத்தில் செம்மை படரும். ரா ஃபைலாக எடுத்திருந்தால் ஓரளவு சரிசெய்யலாம்.

ஒகேனக்கல்லில் பரிசலையும் யோசிக்க வேண்டும். கால் நொடியிலேயே அதன் விளிம்பு கலங்கும். 4 நொடியில் துடுப்பும் ஆளும் அடையாளம் தெரியாமல் போகும். முக்காலியை அசைக்காமல் ஃபில்டர் இல்லாமல் ஒன்று, மாட்டி ஒன்று என்று எடுத்துக் கணினியில் இணைப்பவர்கள் உண்டு. பரிசலோட்டி ஃபிரேமுக்குள் வந்துவிட்டால் நான் ஃபில்டரைக் கழற்றிவிடுவேன். சுழிக்கு எதிராக அவர் துடுப்புப் போடும் அந்தக் கணத்துக்கு 1/250 நொடிதான் சரி.