பாம்பு விஷமும் பலர் கூடிய முயற்சியும்

எலி மிகுந்த வயலில் பாம்பும் மிகும் என்பதைக் குடியானவர் அறிவர். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் மாண்டனர் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. இவர்களில் பெரும்பாலோர் கிராமவாசிகளே.

கடிக்கு மருந்து செய்யும் கம்பெனிகளுக்கு ஒரு பெருங்கஷ்டம் உண்டு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் இரத்தத்தினின்று மருந்து எடுக்கப்படுகிறது. குதிரைகளையும் யந்திரங்களையும் விலைக்கு வாங்கலாம். வரப்பில் வளை கண்டு பாம்பைப் பிடிக்கும் அறிவை ஆலைக்குள் உண்டாக்க இயலாது. அவ்வறிவு பல ஊர்களில் சிதறி வாழும் இருளர் குடும்பங்களிடத்தில் உள்ளது.

அதனை ஒன்று சேர்த்தது, மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் 1978-ல் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கமாகும். 1972-ஆம் வருஷத்து வனஜீவி பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் வியாபாரம் ஒடுங்கவே, ரோமுலஸ் விட்டேகர் அவர்களின் முயற்சியால் இச்சங்கம் உண்டாயிற்று. வனத்துறையார் அனுமதிக்கும் எண்ணிக்கைக்கு உட்பட்டு அங்கத்தினர் பிடித்துவரும் பாம்புகளைச் சங்கம் விலை கொடுத்து ஏற்று, மண்பானைகளில் வைத்து, சில முறை விஷம் எடுத்தபின் காட்டில் விட்டுவிடுகிறது. உலர்த்திய விஷம் கம்பெனிகளுக்குச் செல்கிறது.

ஆட்களைத் திரட்டினால் மட்டும் போதுமோ எனில், போதாது. அமெரிக்காவில் புளோரிடா சர்க்கார் மலைப்பாம்புகளை ஒழிக்க 2013-ல் நடத்திய பந்தயத்தில் ஏறக்குறைய 1,600 பேர் சேர்ந்தும் 68 பாம்புகளே அகப்பட்டன. 2017-ல் அங்கு அழைக்கப்பட்ட இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் முதல் இரண்டு வாரங்களுக்குள் 13 பாம்புகளைப் பிடித்தனர். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. ஆகவே, அறிந்தவர் எவரெனத் தேர்ந்து, அவர்க்கு உரிய விலையும் சட்டபூர்வமான அனுமதியும் அளிப்பதே பலனளிக்கும் வழி.

மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டுவன:

1. அனுமதி பெற்ற சங்க அங்கத்தினர் வந்தால் வரப்புகளில் தேட இடங்கொடுங்கள். பறித்த வரப்பை அவர்களைக் கொண்டே மூடச் செய்யலாம்.

2. கண்ட பாம்பையெல்லாம் கொல்லாதீர்கள். எலியை அடக்குவது அதுவே.

3. கடிபட்டவரின் அங்கத்தை அசையாமல் வைத்து, உடனே மருந்துள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் கூடாது.

உங்கள் வரப்பில் எடுத்த விஷமே உங்கள் கூலியாளின் உயிரைக் காக்கும் மருந்தாகத் திரும்பி வரக்கூடும்.