நச்சுயிரிக்குத் துணைநிற்கும் மரபணு

கொடைக்கானலை அடுத்த வில்பட்டியின் அடுக்கு நிலங்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. மலை தாழ்ந்து பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பகுதிகளை அடைந்தால் மலைவாழை தென்படும். பழனிப் பஞ்சாமிர்தத்திற்குச் சுவையூட்டும் விருப்பாச்சி இதுவே. கீழ்ப்பழனி மலையில் ஏறத்தாழ 18,000 ஹெக்டேரில் பயிரான இவ்வாழை, 1970களில் பரவிய முடிக்கொத்து நோயால் 2,000 ஹெக்டேராகச் சுருங்கியது. அசுவினிப் பூச்சி பரப்பும் நச்சுயிரியே இந்நோய்க்குக் காரணம். இலைகள் குறுகி நுனியில் கொத்தாக நிற்கும். இளமையிலேயே நோயுற்ற வாழை குலை தள்ளாது.

இந்நச்சுயிரியின் மரபுப்பொருள் ஆறு சிறிய டி.என்.ஏ. வளையங்களே. இச்சிறு முதலைக்கொண்டு அது தானே பெருக இயலாது. தன்னைப் படியெடுக்க வாழைச் செல்லின் புரதங்களை நாடுகிறது. எல்லா நச்சுயிரிகளின் நிலையும் இதுதான். அவ்வாறெனில், தங்க இடமளித்த ஓம்புயிரின் எந்த மரபணுக்கள் நச்சுயிரிக்குத் துணைநிற்கின்றன?

ஆயிரக்கணக்கான மரபணுக்களுள் ஒன்றை ஊகித்துத் தேடுவது அரிது. எனவே அறிவியலார் ஊகத்தை விடுத்து, மரபணுக்களைக் கண்டபடி பழுதாக்கி, நச்சுயிரியைச் செலுத்தி, எச்செடியில் அது பெருகவில்லை எனப் பார்க்கின்றனர். அச்செடியில் பழுதான மரபணுவே நச்சுயிரிக்குத் தேவையானது. இதனை மரபணுச் சல்லடை ஆய்வு எனலாம்.

சப்பானிய அறிஞர் இசிகாவாவின் குழுவினர், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறுசெடியில் இதனைச் செய்தனர். புகையிலைத் தேமல் நச்சுயிரி குறைவாகவே பெருகிய செடிகளை 1991இல் கண்டறிந்தனர். பழுதான மரபணு இன்னதென அறியவோ 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 'டாம்1' எனப்பட்ட அது, நச்சுயிரியின் படியெடுக்கும் புரதங்கள் பற்றிநிற்கும் சவ்வுப் புரதத்தை உருவாக்குவது. அது பழுதான பின்னும் நச்சுயிரி சிறிதளவு பெருகியது. 'டாம்3' என்னும் உடன்பிறப்பு மரபணு அவ்வேலையைச் செய்ததே காரணம். இரண்டும் பழுதானபோதுதான் பெருக்கம் நின்றது. இவ்வறிவைக்கொண்டு 2022இல் தக்காளியின் நான்கு ஒத்த மரபணுக்களைச் செயலிழக்கச் செய்து, பழங்களைக் கெடுக்கும் உறவு நச்சுயிரி ஒன்றைத் தடுத்தனர்.

இச்சல்லடைக்கும் ஓட்டைகள் உண்டு. செடியின் உயிருக்கே இன்றியமையாத மரபணு பழுதானால், ஆய்வுக்கு முன்பே செடி மடிந்துவிடும்.

விருப்பாச்சியில் இடர் இன்னும் பெரிது. அது மும்மடியம், ஒவ்வொரு மரபணுவிற்கும் மூன்று படிகள் உண்டு. ஒன்று பழுதானால் மற்றவை ஈடுசெய்துவிடும். விதையின்றிப் பக்கக்கன்றால் பெருகுவதால், விதைவழித் தலைமுறைகளைச் சலித்துப் பார்க்கவும் வழியில்லை. ஆகவே மலை உழவர், நோயுற்ற வாழையைக் கிழங்கோடு அகற்றி, திருச்சிராப்பள்ளி தேசிய வாழை ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில் நச்சுயிரி இல்லையெனச் சோதிக்கப்பட்ட திசுவளர்ப்புக் கன்றுகளை நட வேண்டியுள்ளது.